கீழாநெல்லிக்குக் கேட்காத மஞ்சள்

கண்ணாயிரம் மாமாவுக்குப் பஞ்சர் ஒட்டுவதுதான் தொழில். மேல்பட்டாம்பாக்கத்தில் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், டியூப் முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆனால் கடை வாசலில் நிற்கிறவர்களில் பாதிப்பேரின் டயரில் காற்று நன்றாகவே இருக்கும். கண்தான் மஞ்சளாக இருக்கும்.

காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது அவர் குடும்பத்து வழக்கம். வாய்க்கால் ஓரத்திலும் கரும்புக் கொல்லையிலும் களை என்று பிடுங்கி எறிகிறோமே, இலைக்கு அடியில் கடுகுபோலக் காய் வரிசையாகத் தொங்குமே, அந்தச் செடிதான். விடிவதற்கு முன் யாரோடும் பேசாமல் வேரோடு பிடுங்கி வந்து, அம்மியில் மையாக அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார். உப்பும் எண்ணெயும் கூடாது. வெற்றிலை பாக்குத் தவிர வேறெதுவும் வாங்க மாட்டார்.

நான் ஒருநாள் கடை முன்னாலிருந்த லாரி டயரில் "பஞ்சர், காமாலை இரண்டும் பார்க்கப்படும்" என்று சாக்பீஸால் எழுதி வைத்தேன். மாமா திட்டவில்லை. "ஞாயிறு விடுமுறை" என்று அடியில் அவரே சேர்த்து எழுதினார். ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் வந்தார்கள்.

செடிக்குக் கேட்கிற காமாலை உண்டு, கேட்காததும் உண்டு என்பது மாமாவுக்கு நெல்லிக்குப்பம் ஆரோக்கியம்மாள் செத்த பிறகு தெரிந்தது. அந்தம்மாவுக்கு மருந்து கொடுக்கக் கொடுக்க மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பித்தம் இறங்குகிற வழியே அடைத்துப் போயிருந்ததாம். அப்படி அடைத்தால் உடம்பு அரிக்கும், மலம் வெளுத்துப் போகும் என்றாராம் டாக்டர். அதிலிருந்து யார் வந்தாலும் உடம்பு அரிக்கிறதா, வெளிக்குப் போனால் என்ன நிறம் என்று கேட்காமல் மாமா செடியைத் தொடுவதில்லை. பஞ்சாயத்துத் தலைவரையும் டயர் மேல் உட்கார வைத்து இதைக் கேட்டிருக்கிறார்.

அப்படித்தான் காடாம்புலியூரிலிருந்து வந்த அன்புமணியையும் கேட்டார். முந்திரிக் கம்பெனியில் மூட்டை தூக்குகிற ஆள். கண் இரண்டும் பலாச்சுளை நிறம். சட்டைக்குள் சீப்பை விட்டு முதுகைச் சொறிந்துகொண்டே, வெளிக்குச் சுண்ணாம்பு மாதிரி போகிறது என்றார். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இது எனக்குத் தெரியாத நோய் என்றார்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் பச்சிலை கொடுக்கிற எவரும் எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டார். எனக்கென்ன தெரியும், எல்லாம் அந்தச் செடி என்று சொல்லித்தான் கொடுப்பார். மாமா நிஜமாகவே தெரியாது என்று சொன்னதும், அன்புமணியின் மனைவி கயல்விழிக்கு நம்பிக்கை ஜாஸ்தியாகிவிட்டது. மறுநாள் தாம்பூலத்தோடு வந்தாள். அதற்கடுத்த நாள் மாமியார் செல்லாயியையும் கூட்டி வந்தாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். அவர்களும் திருப்பிக் கும்பிட்டார்கள்.

"தெரியாம ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிக்கங்கண்ணா. மருந்து வாங்காம நாங்க போவ மாட்டோம்" என்றாள் கயல்விழி.

கூட வந்திருந்த அன்புமணிக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை. எனக்குப் பொய் சொல்ல யோசனை தேவைப்படுவதில்லை.

"மாமா குடுப்பாருக்கா. ஆனா அரிப்போட வர்ற காமாலைக்கு, சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டுதான் மருந்து சாப்புடணும். வெளியில சாப்ட்டா கேக்காது."

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்கள். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அனுப்பிட்ட. இப்ப மருந்து எடுத்துக்கிட்டுப் போவணுமே, அதுக்கு என்னா வழி மாப்ள?"

அவ்வளவு தூரம் நான் யோசிக்கவில்லை.

போகாவிட்டால் அவர்கள் கட்டிலை விட்டு எழுந்து வந்துவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பாட்டிலில் வெறும் மோரை ஊற்றிக்கொண்டு போனோம். அன்றைக்குத்தான் அன்புமணிக்கு வாய் வழியாகக் கருவி விட்டு அடைப்பில் குழாய் வைக்கப் போகிறார்களாம். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன பிறகும், செல்லாயி டம்ளரைக் கழுவித் தயாராக நின்றாள். மாமா போய்ப் பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தார். செல்லாயி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்து அன்புமணியைத் தள்ளிக்கொண்டு போனது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து பொறுமையாகத்தான் சொன்னார். குழாய் வைத்தாகிவிட்டது, மஞ்சள் இறங்கிவிடும். ஆனால் வழியை அடைத்திருந்தது கல் இல்லை, கணையத்தில் கட்டி. தாமதிக்காமல் சென்னைக்குக் கொண்டு போக வேண்டும். முதல் பாதியிலேயே செல்லாயி, எல்லாம் மாமாவின் கைராசி என்று அவர் காலைத் தேடிக் குனிந்துவிட்டாள். இரண்டாவது பாதி எங்கள் இருவர் காதில் மட்டும் விழுந்தது.

கொஞ்ச நாளில் கண் வெளுத்தது, அரிப்பு நின்றது. அன்புமணி நடந்தே கடைக்கு வந்தார். சென்னைக்கு எப்போது போகிறீர்கள் என்று மாமா கேட்டார்.

"அதான் மஞ்ச எறங்கிடுச்சேண்ணா" என்றாள் கயல்விழி. "மிச்சத்துக்கு நீங்க இருக்கீங்க."

மாமா கட்டியைப் பற்றிச் சொன்னார். திரும்பவும் சொன்னார். அவள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பொய்க்காக மண்டையைக் குடைந்தேன். கண்ணுக்குத் தெரிகிற மஞ்சளுக்குச் சொன்ன மாதிரி, தெரியாத கட்டிக்கு எதுவும் அகப்படவில்லை. கடைசியில் மாமா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் கூட வரேன். அப்ப போலாமா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டியில் அன்புமணியை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் மாமா உட்கார்ந்தார். ஏதாவது கேலி பேசி அனுப்பலாம் என்றுதான் கீழே நின்றேன். அதற்குள் பின் சீட்டிலிருந்து கயல்விழி எட்டிப் பார்த்து, சென்னையில் மருந்தரைக்க அம்மிக்கு என்னண்ணா பண்ணுவீங்க என்று கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன், சீக்கிரம் வண்டியை எடுக்கமாட்டாரா என்று.