காக்காவின் பெயரில் நான் இட்ட பதிவு

அண்ணன் முறையில் நாங்கள் எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் மேசனின் பெயர், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம், கீழே வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு இருபது. கணினித் திரையில் விரலகலம்கூட இல்லாத அந்த ஒரு வரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. அந்த நேரத்தில் காக்கா பள்ளிவாசலில் முன்வரிசையில் இருந்து குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரே பார்த்த விடயம் அது. ஆனால் அவர் கட்டட வேலையிடத்தில் நின்று மணலைச் சோதித்து “நல்லது” என்று ஒப்புக்கொண்டதாக அந்த வரி சொல்கிறது. பொய் சொல்வது அந்த வரி; அதைச் சொல்ல வைத்தது நான்.

கல்முனைக்குத் தெற்கே, கரையோரத்தில் ஒரு தாய்சேய் நிலையம் கட்டினோம். காக்காதான் தலைமை மேசன். நான் சைட் ஒபிசில் பதிவுகள் பார்த்தேன். வேலை முழுவதும் கைபேசிச் செயலி ஒன்றில் ஓடியது. எதைச் செய்தாலும் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கொழும்பில் இருக்கும் முகாமையாளர் திரையில் பார்த்துக்கொள்வார். அதை முழுக்கப் பழிக்க நான் வரவில்லை. முன்பெல்லாம் திருத்திய வரைபடம் வந்து சேர ஒரு கிழமை ஆகும். இப்போது சோறு தின்று கை கழுவுவதற்குள் வந்துவிடும். காக்காவும் அதை விரும்பினார். வரைபடத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து, ஒரு தூண் இடம் மாறிக் கிடப்பதை எஞ்சினியருக்கு முன்னமே கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஆனால் அந்தச் செயலியில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் கேட்டதற்கு ஆங்கிலத்தில்தான் பதில் போட வேண்டும். அதனால் காக்காவின் கடவுச்சொல் என் கையில் இருந்தது. அவர் சாரத்தில் நின்று குரல் கொடுப்பார், நான் அடிப்பேன். “மிஸ், அடிச்சிட்டீங்களா?” என்பார். எங்கள் பக்கத்து வேலையிடங்கள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. கொழும்புக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

பொருள் சோதனைப் பதிவு பன்னிரண்டரைக்குள் போக வேண்டும். தவறினால் கொழும்புத் திரையில் எங்கள் வேலையிடம் சிவப்பாகிவிடும். வெள்ளிக்கிழமை அந்த நேரம் ஆண்கள் ஒருவரும் இங்கே இருக்க மாட்டார்கள், எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள் என்று முகாமையாளரிடம் இரண்டு தடவை சொன்னேன். “சிஸ்டத்துக்கு வெள்ளி, செவ்வாய் எண்டு இல்ல” என்றார். கிழக்குக் கரையில் கட்டடம் கட்ட வந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று தெரியாதாம். எவ்வளவு திமிர். ஆகவே நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். வெள்ளி தோறும் நான் முதலில் “நல்லது” என்று போட்டுவிடுவேன். காக்கா தொழுதுவிட்டு வந்து பொருளைப் பார்ப்பார். மாதக்கணக்கில் ஒரு பிசகும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டிப்பரில் மணல் வந்தது. வழக்கம்போல் படம் எடுத்தேன், பதிவு போட்டேன். இரண்டு மணிக்குக் காக்கா தொப்பியும் வெள்ளைச் சாரனுமாக வந்து, ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துத் துப்பினார். கரையோரத்து மேசன்மார் எல்லோரும் செய்வதுதான்.

“மிஸ், இந்த மண்ணுல உப்பிரிக்கி. இது மேல் ஆத்து மண் இல்ல, முகத்துவாரத்துல அள்ளினது. கூரைச் சிலெப்புக்குப் போட்டா உள்ளுக்குக் கம்பியத் தின்னிரும்.”

பதிவை மாற்றப் போனேன். செயலி அதைப் பூட்டிவிட்டது. முகாமையாளருக்குக் கோல் எடுத்தேன். “அவரே ஓகே பண்ணிட்டு இப்ப ஏன் மறுக்கிறார்? நாளைக்கு சிலெப் போட்டே ஆகணும்” என்றார். “அது நான் போட்டது, சேர்” என்றேன். “அதப் பெரிசாக்காதீங்க, உங்கட வேலைக்கும் நல்லதில்ல” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். எழுத்தில் ஒரு வரி அனுப்பவில்லை. மறுநாள் காக்கா கொங்கிறீட் போட மாட்டேன் என்று நின்றார். முகாமையாளருக்குக் குரல் செய்தியும் அனுப்பினார். தாமதப்படுத்தினார் என்று அவரை நிறுத்திவிட்டு, வேறு ஆட்களைக் கொண்டுவந்து அதே மணலில் சிலெப்பைப் போட்டார்கள்.

இரண்டு மாரிகாலம் போனது. பிள்ளைகளுக்கு ஊசி போடத் தாய்மார் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்குப் பலகைக்கு மேலே, சிலெப்பில் துருக்கறை இறங்கி, ஒரு நாள் கொங்கிறீட் பாளமாகக் கழன்று விழுந்தது. கிளினிக் இல்லாத நாள், அல்ஹம்துலில்லாஹ். விசாரணை வைத்தார்கள். எடுத்த எடுப்பில் அந்தப் பச்சை வரியை அச்சடித்து மேசையில் போட்டார்கள். ஊருக்குள் கதை அதற்கு முன்னமே பரவிவிட்டது. உப்பு மண்ணைச் சரி என்ற மேசன் என்று சொல்லி, பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலையையும் அவரிடமிருந்து பறித்தார்கள்.

விசாரணையில் எழுந்து உண்மையைச் சொன்னேன். “கடவுச்சொல் ஆருடையது?” என்று கேட்டார்கள். அவருடையது என்றேன். “அப்ப பதிவும் அவருடையதுதான்.” குரல் செய்தி? அது சிஸ்டத்தில் இல்லையாம், கணக்கில் எடுக்க முடியாதாம். மனிதன் வாயால் சொன்னது பொய், இயந்திரத்தில் கிடப்பது மெய். முகாமையாளர் குனிந்து தன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே காக்கா நின்றார். “நீங்க வாய் தொறக்க ரெண்டு மாரி ஆயிட்டு, மிஸ்” என்றார். “இவங்கட தீர்ப்பு கிடக்கட்டும். நான் இந்த ஊருக்குள்ள நடந்து திரியணும். நடந்தத ஒரு தாள்ல தமிழ்ல எழுதித் தாங்க.”

அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“ஒரு விசயத்த விட்டுட்டீங்க. உப்பெண்டு நான் அண்டைக்கே சொன்னதையும் எழுதுங்க.”

எழுதினேன். முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுக் கையொப்பம் வைத்தேன். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளி முற்றத்தில் நின்று அவரே அதை வாசித்தாராம். என் பெயர் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவில்லையாம். ஏன் தாழ்த்த வேண்டும்?