விற்கிற உத்தேசம் இல்லாத வீட்டின் விலை

கரமனையில் நாகேஸ்வரன் வீட்டு வாசலுக்கு ஒரே வாரத்தில் மூன்று தரகர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாமவன் முகப்பைக் காலடியால் அளந்துகொண்டே, "அம்மே, சார் வீடு கொடுக்கப் போறதாக் கேட்டேன். எத்தர சென்ட் உண்டு?" என்று மலையாளம் கலந்து பரப்பளவு கேட்டான்.

நாகேஸ்வரனின் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வீடு அவள் பெயரில் இருந்தது, அப்பா கொடுத்தது. முப்பது வருஷம் கம்பெனிக் கணக்கு எழுதி, பைசா பிசகாமல் ஓய்வு பெற்ற மனுஷன் அவள் புருஷன். இரண்டாயிரத்து ஒன்பதில் திடீரென்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினார். பழவங்காடியில் ஒரு மாடி டியூஷனில் ஐ.எஃப்.ஆர்.எஸ். நடத்தப் போவதாகச் சொன்னார். பல தேசத்துக் கம்பெனிகளும் ஒரே மாதிரி கணக்குக் காட்டுகிற முறையாம். அவளும் நம்பினாள். இப்போதோ கொல்லையில் நின்று செல்போனில் குசுகுசுக்கிறார்: "வீட்டை விசாரிச்சியாடா செல்வின்? எவ்வளவு வரும்?"

புதன்கிழமை அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் அவள் ஏறினாள்.

மாடிக்குப் போய்க் கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். கரும்பலகையில் அவள் வீடு, கிணறு சகிதம்! பக்கத்தில் மூன்று விலைகள்.

"இதை ஒரு கம்பெனி வாடகைக்கு விட்டிருக்குன்னு வெச்சுக்கோங்கோ," என்றார் நாகேஸ்வரன். "வாங்கின விலையை எழுதிட்டுத் தூங்கறது பழைய பழக்கம். இன்னிக்கு என்ன பெறும்னு கேக்கறதுதான் நியாய மதிப்பு."

கொத்தனார் மகன் செல்வின் எழுந்தான். "சார், நீங்க விக்கப் போறதாச் சொல்லித்தான் தரகர்கிட்ட கேட்டேன். சும்மா கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

"அடப்பாவி! ஆத்துக்காரிக்குத் தெரிஞ்சா என் மதிப்பு பூஜ்யம்டா."

வகுப்பே சிரித்தது. முன்வரிசை ஆஷா கேட்டாள்: "அவங்க விக்கவே மாட்டாங்கன்னா?"

"மாட்டாள். அவ அப்பா நின்னு தோண்டின கிணறு. விக்கச் சம்மதிக்கற ஒருத்தர் இருந்தா என்ன கிடைக்கும்னு நினைச்சுப் பாக்கறதோட கணக்கு முடிஞ்சுது. அவளை விக்கச் சொல்ல எந்தப் புத்தகத்துக்கும் அதிகாரம் இல்லே."

கதவு கிறீச்சிட்டது. "அதை ஆத்துல சொல்லப்படாதோ?"

சாக்பீஸ் கீழே விழுந்தது. ஜெயலக்ஷ்மி நேராகக் கரும்பலகைக்குப் போனாள். "கிணறு வடக்கே இருக்கு. தெக்கால போட்டிருக்கேளே!" பிறகு செல்வினிடம் திரும்பினாள். "மூணு பேர்ட்டயும் போய் விக்கறதில்லேன்னு சொல்லு. சொல்லிட்டு ஆத்துக்கு வா, அடை தரேன்."

திரும்பும் பஸ்ஸில் அவள் மெல்லக் கேட்டாள்: "அந்தப் பெரிய விலையை எவன் சொன்னான்?"

"ஏன்?"

"சும்மாத்தான். தரகன் வந்த அன்னிக்கே வீட்டுப் பத்திரத்தை இடம் மாத்தி வெச்சுட்டேன். எங்கேன்னு கேக்காதேங்கோ."