பத்திரமான ஊரின் மனுக்காரர்

காவல் நிலைய வாசலில் மதிலை ஒட்டி ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி, கம்பி துருத்திய குடை. இருபத்திரண்டு வருடமாக மனுக்காரரின் உலகம் அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அழைக்க ஆள்தான் இல்லை. கோபம் வந்தால் கட்டிய மனைவியே, "இந்தாங்க மனுக்காரரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அழுதுகொண்டு வருகிறவர்களின் அரைமணி நேரப் புலம்பலைப் பத்து வரியில் இறக்கி வைத்துவிடுவார். அந்தப் பத்து வரியில்தான் சூட்சுமமே இருந்தது.

"பறிச்சுட்டான்னு எழுதினா வழக்கு. ஆறு மாசம் அலையணும். தவறவிட்டேன்னு எழுதினா இப்பவே ரசீது. எது வேணும், நீங்களே சொல்லுங்க" என்பார்.

ரசீது இருந்தால் புது அடையாள அட்டை வாங்கலாம், புது சிம் வாங்கலாம். யாருக்கு அலைய நேரம் இருக்கிறது? எல்லாரும் ரசீதையே கேட்டார்கள். அவர் வந்த முதல் வருடத்தில் உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக அவரே உட்கார்ந்து யோசித்துக் கோத்த வாசகம் அது: 'கவனக்குறைவால் தவறவிட்டேன். இதில் எவர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.' வீடு புகுந்து திருடியிருந்தால் 'பூட்ட மறந்தேன்'. அடிபட்டு வந்தால் 'படியில் வழுக்கி விழுந்தேன்'. ஆற்றின் இந்தக் கரையில் திருடனே கிடையாது. மறதிக்காரர்கள்தான் இருந்தார்கள்.

அப்படித்தான் பாலத்தின் முகப்பில் அந்தப் பலகை ஏறியது: 'நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான நகரம் உங்களை வரவேற்கிறது.' ஐந்து வருடமாகத் தொடர்ந்து விருது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நகரத்திலோ, வந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். கணக்கு மலையாகக் குவிந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் ஆறரை மணிக்கு இடி இடிக்கும், சிவப்பு எழுத்து ரத்தம் சொட்டும், 'கொலைநகரம்' என்று ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். மனுக்காரரின் மனைவி காய் நறுக்கும் கத்தியோடு அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

மனுக்காரருக்கு உண்மை தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பொய்யை வடித்துக் கொட்டியவரே அவர்தான். ஆனாலும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவரும் நம்பினார். தான் கட்டிய சோளக்கொல்லைப் பொம்மையைப் பார்த்துத் தானே நடுங்குகிறவனை என்னவென்று சொல்வது?

அந்த நடுக்கம்தான் ஒரே மகளின் வாழ்க்கையில் விளையாடியது.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். எந்தக் குழந்தையும் அவள் ஊசி போட்டு அழுததில்லை. 'பூக்கை' என்று அங்கே அவளுக்குப் பட்டப்பெயர். போன வருடம் அக்கரையின் பெரிய மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. துள்ளிக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அந்த ஊர்லயா?" என்றார் அவர். "நியூஸ் பாக்கறதே இல்லையா நீ?"

"நான் அங்க ரெண்டு வருஷம் படிச்சேன்ப்பா. ஒரு ஈ கடிக்கல."

"ஈ கடிக்காது. கத்திதான் குத்தும்."

"இங்க மட்டும் எல்லாரும் உத்தமனா? தினம் உங்க மேசைக்கு வர்றவங்க யாரு?"

"அவங்க எல்லாம் பொருளத் தொலைச்சவங்க" என்றார் மனுக்காரர், கண்ணைச் சிமிட்டாமல்.

அவள் அவரையே பார்த்தாள். அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா தொலைக்காட்சியைக் கை காட்டினாள். உத்தரவு அலமாரியில் துணிகளுக்கு அடியில் போனது. அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள்.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில், துணிக்கடை விற்பனைப் பெண் ஒருத்தி மேசைக்கு ஓடி வந்தாள். பைக்கில் வந்த இரண்டு பேர் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மூச்சு வாங்க உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பேனாவால் எழுதியிருந்தது: 4172.

"வண்டி நம்பர் ஐயா! மறந்துடக் கூடாதுன்னு எழுதிக்கிட்டேன்."

"நம்பரெல்லாம் எதுக்கும்மா? ரசீது போதும்ல? அதோ குழாய். கைய கழுவிட்டு வாங்க. மை, தாள்ல ஒட்டிக்கும்."

அவள் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். எவர் மீதும் சந்தேகம் இல்லை. போகும்போது நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? விதி அன்றைக்கு அந்தக் குழாயடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

சரியாக ஐந்து வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஆட்கள் காத்திருப்பார்களே என்று மகள் ஏழு மணிக்கே நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் பைக் சத்தம். பையை இழுத்தார்கள். வார் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை. இருபதடி தூரம் தாரில் இழுத்துப்போன பிறகுதான் வார் அறுந்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துபோயிருந்தது.

பூக்கை!

பதினோரு மணிக்கு மாவுக்கட்டோடு, முழங்கையெல்லாம் சிராய்ப்போடு, அவள் அப்பாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அம்மா பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எழுதுங்கப்பா" என்றாள் மகள். "எனக்குக் கை வராது."

அவர் நடுங்கிக்கொண்டே தாளை எடுத்தார். கண்ணீர் கண்ணை மறைத்தது. பேனா மட்டும் நடுங்கவே இல்லை. அதற்கு வழி தெரியும். அது பாட்டுக்குப் போனது. முடித்துவிட்டு நீட்டினார்.

மகள் படித்தாள். முதலில் புரியவில்லை போல, இரண்டாம் முறை படித்தாள்.

"அப்பா... நான் தவறவிட்டேனா?"

மனுக்காரர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து. கவனக்குறைவால் தவறவிட்டேன். எவர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"ஐயோ, பழக்கத்துல... பழக்கத்துல வந்துடுச்சும்மா!" தாளைக் கசக்கினார். "நீ சொல்லு. நீ சொன்னதை அப்படியே எழுதறேன்."

"ரெண்டு பேர். கறுப்பு பைக். விழுந்தப்பவும் நம்பரப் பாத்துட்டேன். நாப்பத்தொண்ணு எழுபத்திரண்டு."

பேனா நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி அந்தக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களிலேயே கனமானது அதுதான்.

மனுவோடு அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். நிலையத்தின் ரைட்டர், புகார்களைப் பதிகிறவர், மனுக்காரரோடு பதினைந்து வருடமாக டீ குடித்தவர், மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தார்.

"என்ன மனுக்காரரே, புது ஸ்டைலா இருக்கு?"

"என் பொண்ணு சார்."

"உங்க பொண்ணு என் பொண்ணு மாதிரி. அதனாலதான் சொல்றேன், வயசுப் பிள்ளைய கோர்ட்டு வாசல்ல நிறுத்தாதீங்க. வெள்ளிக்கிழமை ஆறாவது விருது வாங்கப் போறோம். இந்த நேரத்துல இதைக் கொண்டு வந்து நீட்டறீங்களே!"

"வண்டி நம்பர் இருக்கு சார்."

"விழுந்த பதட்டத்துல பாத்த நம்பர்தானே? மாத்திப் பாத்திருக்கும்."

"மாத்திப் பாக்கல!" என்றார் மனுக்காரர். "போன மாசம் இன்னொரு பொண்ணும் இதே நம்பரச் சொன்னா."

ரைட்டர் எழுந்து பீரோவைத் திறந்தார். பழைய மனுக்களின் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

"எங்க சொல்லியிருக்கா? காட்டுங்க பாப்போம். உங்க கையெழுத்துதான், நீங்களே தேடுங்க."

மகள் அந்தக் கட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார்.

அவள் மனுவை இடது கையால் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நேராகப் பேருந்து நிறுத்தம். மனுக்காரரும் பின்னால் ஏறினார். பாலத்தில் பேருந்து ஊர்ந்தபோது வரவேற்புப் பலகையின் முதுகு தெரிந்தது. முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. துருதான் பிடித்திருந்தது.

அக்கரை நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்கம்மா நடந்துச்சு?"

"அந்தக் கரையில மேடம். அங்க எடுத்துக்கல."

"எங்க நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம். பதிஞ்சு அவங்களுக்கு அனுப்பறேன். அவங்க விசாரிக்கிற வரைக்கும் எங்க கணக்குலதான் நிக்கும்." அலுப்பாகச் சிரித்தாள். "நிக்கட்டும். ஏற்கெனவே கொலைநகரம்னு பேர் வாங்கியாச்சு. நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு?"

மகள் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கடைசியில் தாளை மனுக்காரர் பக்கம் தள்ளினாள்.

"சாட்சிக் கையெழுத்து போடணும். உங்களுக்கு எழுதத் தெரியுமாய்யா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியும்" என்றார் மனுக்காரர். அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு இடி இடித்தது. சிவப்பு எழுத்து சொட்டியது. "கொலைநகரத்தில் மீண்டும் பயங்கரம்! பட்டப்பகலில் இளம்பெண்ணைச் சாலையில் இழுத்துச் சென்ற கொடூரம்!" மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரரின் தலை எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா மனுக்காரரே! நல்லவேளை, அன்னிக்கே உங்க பொண்ண அந்த ஊருக்கு அனுப்ப மாட்டேன்னுட்டீங்க. கெட்டிக்காரர்யா நீங்க! ஆமா, பாப்பாவுக்குக் கையில என்ன கட்டு? எங்கேயாவது விழுந்துடுச்சா?"

"அந்தப் பொண்ணு இவதான்" என்றார் மனுக்காரர். "நடந்தது அங்க இல்ல. நம்ம தெருமுனையில."

"நம்ம ஊர்லயா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "போங்க சார், இந்த நேரத்துல போய் விளையாடிக்கிட்டு!"

உள்ளே மகள் ஒற்றைக் கையால் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய மருத்துவமனையில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கரையில் ஒரு சின்ன கிளினிக்கில், கை சேரும் வரை ஆட்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை. கை சேர்ந்தாலும் ஊசி பிடிக்குமா என்று எலும்பு டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"அம்மாவ மட்டும் அப்பப்ப வந்து பாக்கறேன்" என்றாள், பெட்டியைப் பார்த்தபடியே.

அந்த 'மட்டும்' அவர் நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை வந்தது. நிலைய வாசலில் பட்டுநாடா கட்டியிருந்தார்கள். காதோரம் ரத்தம் வழிய ஒரு நடுவயது ஆள் மேசைக்கு வந்து, போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். மனுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள், என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 'என்னைத் தாக்கி, என் போனைப் பறித்துச் சென்றார்கள்.' எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்த ஆள் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னங்க இப்படி எழுதிட்டீங்க? வழக்காயிடுமே! எனக்கு இன்னிக்கே ரசீது வேணும்."

"உண்மை இதுதானேய்யா?"

"உண்மைய வச்சு நான் என்ன பண்றது? வேற தாள் குடுங்க, நானே எழுதிக்கறேன். என் மச்சான் சொல்லிக் குடுத்திருக்கான்."

மேசையின் ஓரத்தில் குனிந்து அவர் எழுதினார். ஒரு சொட்டு ரத்தம் தாளில் விழுந்தது. புறங்கையால் துடைத்தார். பிறகு, "பெரியவரே, சரியா இருக்கா பாருங்க" என்று நீட்டினார்.

மனுக்காரர் படித்தார். கவனக்குறைவால் தவறவிட்டேன். இதில் எவர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் கோத்துக் கொடுத்தது, ஒரு சொல் மாறாமல் இருந்தது.