வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், கோடைக்காலத்தில், செகந்திராபாத் ரயில்வே காலனியில் நடந்தது இது. என் மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

என் கணவருக்கு ஒர்க்‌ஷாப்பில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வேலை. நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது டொக்கென்று அடங்கிவிடும். அப்படிப்பட்ட சக்கரங்களுக்குச் சாயம் பூசி அனுப்பச் சொல்கிறார் என்று ஃபோர்மேன் மேல் அவர் புகார் கொடுத்தார். மறுநாளே இவரைத்தான் சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் தோற்றால் வேலையோடு வீடும் போய்விடும்.

நான் மிஷன் பள்ளியில் படித்தவள். வேலை விதிப் புத்தகத்தை வாங்கி முழுக்கப் படித்தேன். தாமதமாக வந்தால் தண்டனை, எதிர்த்துப் பேசினால் தண்டனை. உண்மையைச் சொன்னவனைக் காப்பாற்ற ஒரு வரிகூட இல்லை.

காலனியில் எங்களோடு பேச்சே நின்றுபோனது. எங்கள் வாசலுக்கு ஓடிவந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி, "நக்கோடா, அந்த வீடு நக்கோ" என்று, வேண்டாமென்று தடுத்து இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகுதான் அந்தச் சத்தம். எங்கள் வீட்டெதிரே வேப்பமரத்தில், தீப்பிடித்தால் அடிப்பதற்காக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். உச்சி வெயிலில் யாரோ அதை ஒரே ஒரு அடி அடிப்பார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் தெருவில் ஈ காக்கை இருக்காது. ஆனால் தொட்டால் இரும்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். மிரட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். குழந்தையை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் பொறுக்காமல், "மன்னிப்புக் கேட்டுடுங்க. குழந்தை இருக்கு" என்றேன். அப்போதும் அந்த அடி விழுந்தது. அவர் வேலையில் நிற்பது போலவே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டொக்குன்னா கேக்குது? நல்லாக் கேளு, மணி மாதிரி இல்ல? பேசத்தான் பயப்படுறாங்க. 'இவன்கிட்ட விரிசல் இல்லை'ன்னு என்னைத்தான் சொல்றாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை.

விசாரணைக்கு அழைத்த கூட வேலை செய்பவர்களில் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். அலுத்துப்போன அதிகாரி, சாயம் பூசிய சக்கரத்தைக் காட்டி அவர்களையே தட்டச் சொன்னாராம். ஒவ்வொருவராக வந்து சுத்தியலை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் டொக்கென்றே விழுந்ததாம்.

இவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஃபோர்மேன் வேறு ஊருக்குப் போனார். மத்தியானச் சத்தமும் நின்றது. அடித்தது யாரென்று இன்றுவரை தெரியாது.

விதிப் புத்தகத்தில் அந்த ஒரு வரி இன்னும் சேரவில்லை. அது சேரும்வரை எங்களைப் போன்றவர்களுக்குக் காவல் இந்தச் சத்தம்தானோ என்று, ஸ்டேஷனில் சக்கரம் தட்டும்போதெல்லாம் மகளை அணைத்துக்கொண்டு ஒலி அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.