சப்பரம் தூக்கிய மறுநாள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் துணைப் போலீஸ் வேலை பார்த்தேன். சம்பள நாளில் டவுனிலிருந்து வரும் பணப்பெட்டிக்குக் காவலாக ஜீப்பில் போக வேண்டும். இடுப்பில் ரிவால்வர் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் போலீஸ் திடலில் குறிபார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். தேறாதவன் ரிவால்வரை ஒப்படைத்துவிட்டு, தடியோடு தோட்டத்து கேட்டில் நிற்க வேண்டியதுதான்.

முதல் வருடம் நான் தேறவில்லை. தேறவிடவில்லை என்பதே சரி. சோதனையன்று காலை எங்கள் காவல்காரர்களின் தலைவன் உர மூட்டை லோரியைக் காட்டி, "சும்மாதானே நிக்கிற, எறக்கிட்டு வா" என்றான். மூட்டை இறக்கிய கை, ரிவால்வரைத் தூக்கியதும் வெடவெடவென்று ஆடியது. குண்டுகள் மண்மேட்டைத்தான் துளைத்தன. திரும்பி வந்ததும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே கேட்கும்படி அவன் சொன்னான்: "பயந்துட்டான்லா. கை நடுங்குறவனுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

மூட்டை இறக்கவைத்ததைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. குழாயடியில் நின்ற என் பெண்டாட்டி அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வருடம் முழுக்க, அவன் ஜீப்பில் போகும்போதெல்லாம் நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அடுத்த சோதனைக்காக, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துப் பழகினேன். திடலில் போலீஸார் பயிற்சி கொடுத்தபோது, குறி அட்டையில் அவன் முகத்தை நினைத்துச் சுட்டேன். குண்டெல்லாம் குறிக்குக் கீழே போயின. மலாய்க்காரச் சார்ஜன் எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார்: கோபக்காரன் விசையைப் பிடுங்குவான், பாதி மூச்சை விட்டு நிறுத்து, மெல்ல அழுத்து, கை அசந்தால் வெட்கப்படாமல் இறக்கிவிட்டு மறுபடி தூக்கு. சரிதான். ஆனால் அவனை மன்னிக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. கோபத்தைத் திடலுக்குக் கொண்டுபோகக் கூடாதென்றால், முன்னாலேயே தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சோதனைக்கு முந்தின நாள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. சப்பரத்தின் முன்தண்டைத் தூக்குவது பெரிய மரியாதை. அந்த வருடம் அது என் முறை. நான் அவனிடம் போய்ப் பணிவாக, "அண்ணே, நீங்கதான் பெரியவரு. நீங்க தூக்குங்க" என்றேன். மீசையைத் தடவிக்கொண்டான். பரிவட்டம் கட்டி, மாலையும் நானே போட்டேன்.

ஒவ்வொரு லயம் தாண்டியதும் ஆள் மாற்றுவது வழக்கம். மாற்ற வந்தவர்களைத் தடுத்தேன். "விடுங்கலா, அண்ணனோட மரியாதைய நாமளே பறிக்கலாமா?" அவன் காதில் விழும்படிதான் சொன்னேன். தோட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தோள் வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி லயம்வரை தூக்கினான். மிச்சத்தை அம்மன்மேல் போட்டுவிட்டு நான் சீக்கிரமே படுத்துவிட்டேன்.

மறுநாள் திடலில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். நெஞ்சு படபடத்தது. திரும்பிப் பார்த்தேன். அவன் வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான். படபடப்பு அப்படியே அடங்கியது. பாதி மூச்சை விட்டேன். நடுவில் கை அசந்தது. இறக்கினேன், தூக்கினேன், மெல்ல அழுத்தினேன். தேறிவிட்டேன்.

அவன் முறை வந்தது. தூக்கும்போதே கை ஆடியது. இறக்கி ஓய்வெடுத்திருக்கலாம். தலைவன் அல்லவா, எல்லோரும் பார்க்கிறார்களே! இறக்கவேயில்லை. குண்டுகள் மண்மேட்டுக்குப் போயின.

சார்ஜன் ரிவால்வரை ஒப்படைக்கச் சொன்னார். இடுப்புப் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் அவன் விரல்கள் தடுமாறின. "இருங்கண்ணே" என்று நான் போய்க் கொக்கியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"மூட்டைக்காடா?"

"ஆமாண்ணே."

ஜீப்பில் திரும்பினோம். தோட்டத்து கேட் வந்தது. அவன் இறங்கிப் போய்த் திறந்தான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.