பேகம்பேட் சந்தில் ஓர் இரும்பு மூடி

அப்பா இறந்த மறு வருஷம், பேகம்பேட் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். அப்பாவின் வேலைக்காகக் குஷாய்குடாவுக்குக் குடிவரும் முன் நாங்கள் அங்கே வாடகைக்கு இருந்தோம். என் தம்பி ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனது அந்த வீட்டில்தான். அதன் பிறகு அம்மா அந்தப் பக்கமே போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். எங்கள் சந்து அகலமாகியிருந்தது. எங்கள் வீடு, வேப்பமரம், எதிர்வீட்டு மதில், மூலை ரொட்டிக்கடை எதுவும் இல்லை. எங்கே பார்த்தாலும் கண்ணாடி பதித்த அலுவலகங்கள். எனக்கு இடமே பிடிபடவில்லை. அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"ஏட்டி, இந்தா இருக்கு."

சாக்கடைக் குழியின் பழைய இரும்பு மூடி. நிஜாம் காலத்தது என்று வீட்டுக்காரர் சொல்வார். நடுவில் உருது எழுத்துகள், பாதி தேய்ந்து போயிருந்தன. எங்கள் வாசலுக்கு நேரெதிரே இருந்தது அது.

"இது மேலதான் நிப்பான். ஸ்கூல் ரிக்‌ஷா வாற வரைக்கும் எறங்க மாட்டான். மழையில வழுக்கும்ல, நக்கோ நக்கோ, வேண்டாம்லேன்னு கத்துவேன்."

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுத்துகளின் மேலிருந்த மண்ணை உள்ளங்கையால் துடைத்தாள். தம்பி போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பைக்கில் வந்த ஒருவர் ஹாரன் அடித்தார். பிறகு வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அதன்பின் மாதம் ஒருமுறை போனோம். முழங்கால் வலி முற்றி அம்மாவால் படியிறங்க முடியாமல் போனதும், "நீ ஆபீஸ் போற வழிதான, ஒரு எட்டு பாத்துட்டு வா" என்பாள். பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

மழைக்காலம் முடிந்து சாலை போட்டார்கள். ஒரு காலையில் அந்த இடத்தில் புது சிமெண்ட் மூடி இருந்தது. பழசு எங்கே என்று அங்கே வேலை செய்தவரிடம் கேட்டேன்.

"நின்னனே லாரிலோ போயிந்தம்மா."

நேற்றே லாரியில் போய்விட்டதாம். உருக்கிவிடுவார்கள் என்றார்.

அன்று மாலை அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"இருக்கா?"

"இருக்கும்மா."

"எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் அம்மா இருந்தாள். கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். கடைசி வாரத்தில் ஒருநாள் மட்டும், "அவன் நிக்கானா?" என்று கேட்டாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.