மூடியதாக எழுதப்பட்ட கதவு

சொன்னதை அப்படியே நம்பும் ஒன்றிடம் பொய் சொன்னால், அந்தப் பொய் கடைசியில் யாரைப் போய்ச் சேரும்? பிரகதீஸ்வரியின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் அவர் கன்ட்ரோல் ரூம் பொறுப்பாளர். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அங்கே பேனலுக்குள் இருக்கும் பிஎல்சி என்ற சிறு கணினி முடிவு செய்யும். அதன் புரோகிராமைத் திருத்தத் தெரிந்தவர் ஆலையில் இவர் மட்டுமே. பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். கவனமானவர்.

தவிட்டை நகர்த்தும் திருகுக் கன்வேயரைச் சுத்தம் செய்பவர் மருதாயி. ஆரம்பத்தில் அதன் பக்கவாட்டுக் கதவருகே போகவே பயந்தார்.

"கதவத் தொறந்தா அது ஓடாதுக்கா. அதுல ஒரு சுவிட்ச் இருக்கு. நான் சொன்னபடி கேக்கும்" என்றார் பிரகதீஸ்வரி.

"ஒம் புருசன் கேக்காட்டியும் மிசினாச்சும் கேக்குதே ஆத்தா!"

அதன்பின் கதவைத் திறந்து, ஒட்டிய தவிட்டைக் கையால் எடுப்பது மருதாயிக்கு வழக்கமாயிற்று.

ஆயுத பூஜைக்காக எல்லா இயந்திரங்களையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கதவு சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பூஜை முடிந்து ஓட்டினால், கதவு மூடியிருந்தும் கன்வேயர் அடிக்கடி நின்றுபோனது. மேலாளர் கோபிநாத் போனில் வந்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் கண்ணனுக்கும் கேட்டது.

"லாரி நிக்கிதும்மா. பைபாஸ் போட்டு ஓட்டுங்க."

"சுவிட்ச் மாத்தாம வேணாம் சார்."

"திருச்சிலேருந்து வந்துரும். வந்ததும் எடுத்துருவோம்."

கதவு எப்போதும் மூடியே இருப்பதாகப் புரோகிராமில் எழுதினார் பிரகதீஸ்வரி. மருதாயி அன்று விடுப்பு. வந்ததும் சொல்லிவிட நினைத்திருந்தார், சொல்லவில்லை. சுவிட்சும் வரவில்லை. கன்வேயர் ஒழுங்காக ஓடியதால் யாரும் கேட்கவுமில்லை.

ஒரு காலையில், தவிடு போய் விழும் தொட்டி நிறைந்து கன்வேயர் தானாக நின்றிருந்தது. மருதாயி கதவைத் திறந்து கையை விட்டார். தொட்டியில் தவிடு குறைந்ததும் கன்வேயர் மறுபடி சுழன்றது.

வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவு என்றது நிர்வாகம். மருதாயியே அதை நம்பியதுதான் கொடுமை. ஆஸ்பத்திரியில், பார்க்கப் போன பிரகதீஸ்வரிக்கு அவர் ஆறுதல் சொன்னார்: "நாந்தான் கதவச் சரியாத் தொறக்கல போல. ஒம் மிசின் மேல தப்பில்லத்தா. அழுவாத."

விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். பேசினால் பிரகதீஸ்வரிக்கு வேலை போகும். பேசாவிட்டால், போன கையோடு பழியையும் மருதாயி சுமக்க வேண்டும். பிரகதீஸ்வரி லேப்டாப்பைத் திறந்து, தான் திருத்திய வரியைக் காட்டினார்.

"யார் சொல்லிச் செஞ்சீங்க?"

கோபிநாத் தரையைப் பார்த்தபடி இருந்தார். கண்ணன் பேச வாயெடுத்தார். அதற்குள் பிரகதீஸ்வரி முந்திக்கொண்டார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் செஞ்சேன்."

வேலை போயிற்று. மருதாயி மேல் தப்பில்லை என்று முடிவானது. கோபிநாத் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார். ஆகவே இதைப் பெருந்தன்மை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. பழியில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள பிரகதீஸ்வரி விரும்பவில்லையோ, அல்லது வேறு ஏதாவதோ. "அவரு பேர ஏங்க சொல்லாம விட்டீங்க?" என்று கண்ணன் பலமுறை கேட்டுப் பார்த்தார்.